கேக் வெட்டும் முன்னால் எடுத்து வைப்பது

ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு ஒரு வகை போன் வரும். "அக்கா, மூணு கிலோவில ஒன்றரை கிலோ அப்படியே இருக்கு. பக்கத்தில ஏதாவது பிள்ளைகள் இல்லம் தெரியுமா? கொண்டு குடுத்திரலாம்."

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம், வீட்டில் வைத்தே கேக் செய்து விற்கிறவள். பதினோரு வருஷமாகிறது. கேக் விற்றவளிடமே மிச்சத்துக்கும் வழி கேட்பது நியாயம்தான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேசையில் வைத்து, எச்சில் தெறிக்க மெழுகுவர்த்தி ஊதி, நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் கிடந்த கிரீம் கேக்கை இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. "பிரிட்ஜில வைங்க, நாளைக்கு நீங்களே சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

கேட்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். எனக்கு உறுத்துவது, போனுக்குப் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் பிறந்தநாள் பிள்ளை. நம் வயிறு நிறைந்த பிறகு மிஞ்சுவதுதான் அடுத்தவனுக்கு என்று அது அன்றைக்குப் படித்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழக்குவது எப்படி என்று என்னிடம் கேட்டால், மிச்சத்தில் தொடங்காதீர்கள், முதலில் எடுத்து வைப்பதில் தொடங்குங்கள் என்பேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் மாமியின் அடுக்களையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி அதில் விழும். பிடியரிசி. சேர்ந்ததும் எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் போகும். சோறு வடித்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு எடுப்பதில்லை, கவனியுங்கள். என் மகன் மூன்று வயதில் அந்த டின்னில் கை வைத்தான். அவன் பிடியில் பாதி தரையில் சிந்தி, மீதி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, டின்னில் விழுந்தது பத்துப் பதினைந்து மணிதான். "கொள்ளாம் மக்களே, நல்ல பிடி" என்றார் மாமி. தினமும் அவனைத்தான் கூப்பிட்டார். தக்கலையில் எனக்கு ஒரு வாடிக்கை வீடு உண்டு. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்னாலேயே ஏழைகளுக்கு பித்ரா என்கிற தானத்தைக் கொடுத்துவிட வேண்டும், வீட்டில் தலைக்கு இவ்வளவு, கைக்குழந்தைக்கும் கணக்கு உண்டு என்று அந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொடுத்த பிறகுதான் பெருநாள். பழைய ஆட்கள் எல்லாருமே இந்த வரிசையில்தான் வைத்திருந்திருக்கிறார்கள். கேக் வந்த பிறகு நாம்தான் மாற்றிவிட்டோம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு மாதம் முன்னால், ஒரு காலண்டர் தாள்

பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செலவை எழுதுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதுங்கள், முடிந்தால் அதன் கையெழுத்திலேயே. இளையவனின் ஏழாவது பிறந்தநாளுக்கு இருந்த பட்டியல் இது: கேக் ஒன்றரை கிலோ (அம்மா கணக்கு என்று எழுதினான், மைதாவும் வெண்ணெயும் மரத்தில் காய்ப்பதாக நினைப்பு), பலூன், தொப்பி, பாப்பர், தலையில் அடிக்கிற ஸ்னோ ஸ்பிரே, சிப்ஸ், ஜூஸ், புதுச் சட்டை, வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பும் கவர். கூட்டினால் 4,800 ரூபாய்.

"இதில முதல்ல எவ்வளவு வேற ஆளுக்கு எடுத்து வைக்கலாம்?" என்று கேட்டேன்.

"பத்து ரூபாய்."

நான் சிரித்துவிட்டேன். தப்பு. அவன் முகம் சுருங்கிப்போனது. தாளைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். ஏழு வயசில் 4,800 என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் கடையில் பணத்தைப் பத்து ரூபாய்த் தாளாக மாற்றி வாங்கி வந்து, பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு மேலும் அதன் விலைக்குத் தாள்களை அடுக்கச் சொன்னேன். ஸ்னோ ஸ்பிரே ரெண்டு டின்னுக்குப் பதினாறு தாள். அதை அவனே எண்ணி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இது ஒரு நிமிஷத்தில தீந்திருமே அம்மா" என்று சொல்லி, பதினாறையும் எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டான். அப்புறம் பாப்பர். அப்புறம் தொப்பி. பலூனில் கை வைக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் பாட்டிலில் 640 ரூபாய் சேர்ந்தது. அவன் போட்டதற்குச் சமமாக நாங்கள் ஒரு பங்கு போடுவது என்று ஏற்பாடு. வளைகுடாவில் இருக்கும் அவன் அப்பாவிடம் வீடியோ காலில் பாட்டிலைத் தூக்கிக் காட்டி வசூல் செய்தான்.

இந்த ஏற்பாட்டில் முக்கியம் காசு கண்ணுக்குத் தெரிவது. நீங்கள் கூகுள் பேயில் ஐயாயிரம் அனுப்பினாலும் பிள்ளையைப் பொறுத்தவரை அம்மா போனைத் தடவினாள், அவ்வளவுதான். தாளாக எடுத்து, பாட்டிலில் போட்டு, அந்தப் பாட்டில் ஒரு மாதம் டிவி பக்கத்தில் இருக்கட்டும். நாலு வயசுக்குக் கீழே இருந்தால் காசு வேண்டாம். அரிசி, பழம், சோப்பு என்று கையில் பிடிக்கிற பொருளாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு வயசானால் பட்டியலையே அவர்களிடம் விட்டுவிடலாம். மூத்தவள் இப்போது எனக்கே கணக்குக் கேட்கிறாள்.

பெரிய தொகை கொடுக்கிறவர்கள் ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்று சொல்லிப் பழகியது) பழைய வரி முறையில்தான் கிடைக்கும், அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. இதைப் பிள்ளைகள் முன்னால் பேசாமலிருப்பது நல்லது.

போன் போட்டுக் கேளுங்கள்

மூத்தவளின் ஐந்தாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று கிலோவில் பொம்மைப் படம் போட்ட கேக் செய்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு இல்லத்துக்குப் போனோம். நாற்பது பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்கள். ஹேப்பி பர்த்டே பாடினார்கள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே கை தட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் அத்துப்படி. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முன்வரிசையில் பத்து வயசுப் பையன் ஒருவன் துண்டைக் கையில் வாங்கி, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து, பக்கத்துப் பையனிடம் "இதும் ஸ்ட்ராபெரி" என்றான். அன்றைக்கு அவர்களுக்கு அது மூன்றாவது கேக். என் மகள் சேலை மடிப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வரவே இல்லை. லீவில் வந்திருந்த வீட்டுக்காரர் விடாமல் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வார்டன் அம்மா வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை ஒரு போன் போட்டுட்டு வாங்க. துணி சோப்பு தீந்து ரெண்டு நாளாச்சு."

அதற்குப் பிறகு கேட்காமல் எங்கேயும் போவதில்லை. போன் செய்கிற வேலையைப் பத்து வயசுக்கு மேல் இருந்தால் பிள்ளையிடமே கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இப்போது என்ன தீர்ந்திருக்கிறது? எந்தக் கிழமையில் யாரும் வருவதில்லை? சமைத்த சாப்பாடு வாங்குவீர்களா, இல்லை அங்கேயே சமைக்கக் காசு கட்ட வேண்டுமா? பல இல்லங்களில் வெளிச் சாப்பாடு வாங்க மாட்டார்கள், அது சரியும்தான். இத்தனை வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில்களைச் சொல்கிறேன்: துணி சோப்பு, தேங்காய் எண்ணெய், பேன் சீப்பு, பெரிய பிள்ளைகளுக்கு நாப்கின், அளவு எழுதிக் கொடுத்து உள்ளாடை, ரப்பர் செருப்பு, ஒரு தடவை டியூப் லைட். கேக் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகம் ஜூனில் குவியும், அக்டோபரில் பேனாகூட இருக்காது. ஆகையால் ஜூனில் பிறந்தநாள் வருகிற பிள்ளை என்றால் பாட்டிலை அக்டோபர்வரை மூடி வைப்பதும் ஒரு வழி. ஆனால் சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

இல்லம் புதிது என்றால், பிள்ளைகள் பராமரிப்புக்கான இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், முறையாக நடத்துகிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். அப்புறம் போட்டோ. அந்த 2015-ம் வருஷச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, இப்படிப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளை அடையாளம் காட்டும் பெயரோ படமோ வெளியிடக் கூடாது. ஆறு மாதம்வரை சிறை, ரெண்டு லட்சம்வரை அபராதம், அல்லது ரெண்டுமே கிடைக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேக் ஊட்டுகிற படம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் அன்றைக்குத் தெரியாது. வீட்டுக்காரர் எடுத்த படங்களைப் பிறகு அழித்தோம். சட்டம் கிடக்கட்டும், நம் பிள்ளை டியூஷனில் வரிசையாக நின்று யாரோ ஒருவருக்கு நன்றி சொல்வதை ஒருவர் படம் எடுத்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இப்போது நாங்கள் செய்வது: செவ்வாய் அல்லது புதன், பள்ளி விட்டு வந்து, சோப்புப் பெட்டியை ஆபீஸ் அறையில் வார்டன் கையில் கொடுப்பது. கொடுக்கிறது என் பிள்ளைதான். அங்குள்ள பிள்ளைகளைக் கூப்பிட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவோம். பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, வழியில் ஆளுக்கொரு பழம்பொரி தின்றுவிட்டு வீட்டுக்கு. முதல் தடவை இளையவன், "அவ்வளவுதானா? யாருமே ஒண்ணும் சொல்லலியே" என்றான். ஆமா, அவ்வளவுதான் என்றேன். கேக் வெட்டுவது அதற்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ.

திரும்பி வருகிற தட்டு

எங்கள் தெருவில் பண்டிகைத் தட்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். ஓணத்துக்கு ஒரு வீட்டிலிருந்து பாயசம் வரும், தீபாவளிக்கு முறுக்கு, நோன்பு மாதத்தில் தூக்குச் சட்டியில் கஞ்சி. கிறிஸ்மஸ் எங்கள் முறை. முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்து உடைத்த மாவில் பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டுகிற வேலையைப் பிள்ளைகள் செய்யலாம், மாவில் முக்கிப் பொரிப்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம். முதல் ஈடு வீட்டில் யாரும் வாயில் வைப்பதற்கு இல்லை. அது தெருவுக்கு. இதை தானம் என்று சொல்ல முடியாது, கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் தட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்கப் பழகாத பிள்ளைக்கு தானமும் வராது.

தெரு முனையில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். முப்பது வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை பார்த்தவர். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் இப்போதும் கறுத்து வழவழவென்று இருக்கும். அவருக்கு மட்டும் என் கேக் பெட்டி ஒன்றில் வைத்து அனுப்பலாம் என்றேன். தட்டைத் திருப்பிக் கொடுக்கிற கஷ்டம், வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாதே என்கிற கஷ்டம், ரெண்டும் அவருக்கு வேண்டாமே என்று நினைத்தேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "மற்ற வீட்டுக்கெல்லாம் தட்டு, அவளுக்கு மட்டும் அட்டைப் பெட்டியா? தட்டில வை." வைத்தேன். இளையவன் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மூன்றாம் நாள் ஆச்சி தட்டோடு வந்தார். தட்டில் ஒரு கட்டு முருங்கைக் கீரை, நரம்பெல்லாம் கிள்ளி, வாழை நாரில் கட்டியது. இவன் வாசலில் நின்றுகொண்டே, "நம்ம வீட்லதான் மரமே நிக்குதே" என்றான். நான் உறைந்து போனேன். மாமி ஒன்றுமே நடக்காதது போலக் கீரையை வாங்கி, முகர்ந்து பார்த்து, "நம்ம மரத்துக் கீரை கசக்கும். இது பிஞ்சுக் கீரையில்லா" என்றார். அன்று ராத்திரி அதைத்தான் தேங்காய் போட்டுத் துவட்டினோம். மறுநாள் காலையில் இவனைத் தனியாக ஆச்சி வீட்டுக்கு அனுப்பினார், கீரை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வர. போக மாட்டேன் என்று அரை மணி நேரம் அழுதான். போனான். வரும்போது கையில் ஒரு சாக்லேட்.

கொடுக்கப் பழக்குகிறவர்கள் பலர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. வாங்கவும் பழக்க வேண்டும். நம் பிள்ளை எப்போதும் மேலே இருக்கும் கையாகவே வளர்ந்தால் அதன் வாயிலிருந்து அந்த முருங்கைக் கீரைப் பேச்சு தான் வரும். ஒக்கி புயல் அடித்த வருஷம், 2017 நவம்பர் கடைசியில், எங்கள் தெருவே வாங்குகிற பக்கத்தில் இருந்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்ட் கம்பமெல்லாம் விழுந்து, நாள்கணக்கில் மோட்டார் ஓடவில்லை. கப்பி போட்ட கிணறு இருந்த ஒரே வீட்டில் ஆளுக்கு ரெண்டு குடம் என்று எல்லாருக்கும் கோரிக்கொடுத்தார்கள். கிறிஸ்மஸ் கேக்குக்கு முன்பணம் கொடுத்திருந்த சிலர், "கேக் வேண்டாம், அந்தக் காசைக் கடற்கரை வீடுகளுக்குக் கொடுத்துருங்க" என்றார்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் அங்கே இருந்தன. நாங்கள் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று மூத்தவள் கேட்டாள். இருப்பதை இருக்கிறபடி சொன்னோம். ஐந்து வயசுக்குப் புரிகிற அளவுக்குப் புரிந்தது.

கையால் செய்வது

காசு கொடுப்பதைவிட வேலை செய்வது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது. கோயில் கொடையோ சபையின் சமபந்தி விருந்தோ அய்யாவழிக்காரர்களின் நிழல்தாங்கலில் அன்னதானமோ, பக்கத்தில் எது நடந்தாலும் விளம்ப, அதாவது பரிமாற அனுப்புங்கள். பத்து வயசுக்குத் தண்ணீர், உப்பு, பப்படம். சாம்பார் வாளி பக்கம் விடாதீர்கள். விளம்புகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். மூத்தவள் முதல் தடவை உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் சேதி அதுதான், இரண்டாவது சேதி முன்னூறு பேருக்குத் தண்ணீர் ஊற்றினாள் என்பது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, விளைந்ததில் முதல் பங்கைச் சபைக்குக் கொடுக்கிற அறுப்பின் பண்டிகை. இளையவன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கழிவறைக் கூரையில் ஒரு சுரைக்கொடி ஏற்றினான். முதல் காயைச் சபைக்கு என்று அவனே நேர்ந்துகொண்டான், ரெண்டாவது பூவே விடவில்லை அப்போது. ஆலயத்துக்கு முன்னால் ஏலம். சந்தையில் நாற்பது ரூபாய் போகும் காய், நூறு, நூற்றைம்பது என்று ஏறி 350-க்குப் போனது. எடுத்த மாமா காயை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிட்டார். இவனுக்குப் பதற்றம். "காய் சரியில்லையா? ஏன் திருப்பிக் குடுத்தாரு?" இரண்டாவது தடவை 200. அன்றைக்கு முழுக்க அந்தச் சுரைக்காய் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே திரிந்தான்.

பொம்மை, பழைய துணி கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. சக்கரம் இல்லாத காரைப் போடுவதற்குக் குப்பைக் கூடை இருக்கிறது. பொத்தான் தைத்து, துவைத்து, தேய்த்த சட்டை என்றால் கொடுக்கலாம். மூத்தவள் ரெண்டாம் வகுப்பில் தன் பொம்மை வீட்டைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ராத்திரி தூங்காமல் அழுதாள். காலையில் எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். சொன்னதைச் செய்ய வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் எனக்குப் புத்தி சொன்னார்கள். பிடுங்கிக் கொடுத்தால் அது வசூல். ஒரு வருஷம் கழித்து அவளே அதை அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனாள், என்னிடம் சொல்லக்கூட இல்லை.

இளையவனின் அடுத்த பிறந்தநாள் ஆவணியில் வருகிறது, வியாழக்கிழமை. வார்டன் அம்மாவிடம் பேசியாகிவிட்டது, இந்தத் தடவை கொசு வலை கேட்டிருக்கிறார். அது விலை கூட. காலண்டர் தாள் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. நேற்று பார்த்தபோது பலூனைக் கோடு போட்டு அடித்திருந்தான். இன்றைக்குக் காலையில் பார்த்தால், அடித்ததற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மறுபடியும் எழுதியிருக்கிறான்: பலூன், அரை பாக்கெட்.